மூன்றாம் எண் கிளாஸ்

மார்ச் 3, செவ்வாய்

ஐந்து கிளாஸ், ஐந்து எண். பாட்டில்களை முதலாளி காகிதம் சுற்றி மறைத்துவிட்டார். எல்லாமே பெல்ஜிய பாணிக் கறுப்பு பீர். நான்கு வெளிக் கம்பெனிகளுடையவை, ஒன்று எங்களுடையது. ருசி பார்த்து வரிசைப்படுத்துவது என் வேலை. மூன்றாம் எண்ணைக் கடைசியில் போட்டேன். கிராம்பு வாசனை முந்திக்கொண்டு வருகிறது. விழுங்கிய பிறகு நாக்கில் எதுவும் தங்கவில்லை. காகிதத்தைப் பிரித்தால் எங்களுடையது. அத்தான் காய்ச்சியது.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "மச்சினிச்சியே காலை வாரிட்டாங்களே!"

அத்தான் சிரிக்கவில்லை. "பெல்ஜிய பாணின்னா கிராம்பு வாசம் வரத்தான் செய்யும்."

மார்ச் 4, புதன்

ஜனவரியில் காய்ச்சியதையும் இதையும் அருகருகே வைத்துக் குடித்துப் பார்த்தேன். ஜனவரியில் உலர்ந்த திராட்சை, கருகிய சர்க்கரை, எங்கோ பின்னால் கொஞ்சம் கிராம்பு. இதில் இனிப்பே இல்லை. யார் தின்றது? வேண்டாத ஈஸ்ட் ஏதோ உள்ளே புகுந்திருக்கிறது. அப்படியென்றால் மூடி போட்ட பிறகும் தின்றுகொண்டே இருக்கும். வாயு ஏறிக்கொண்டே போகும். பாட்டில் எவ்வளவு தாங்கும்?

மார்ச் 5, வியாழன்

தொட்டி அறையில் அத்தானிடம் சொன்னேன். "சனிக்கிழமை லோடு வேண்டாம் அத்தான். ரெண்டு வாரம் நிறுத்தி வெச்சுப் பாக்கலாம்."

"உன் ஒரு நாக்கை நம்பி ஆயிரத்து எண்ணூறு பாட்டிலை நிறுத்தச் சொல்றியா?"

இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "ஊரார் முன்னாடி அவர் முகத்துல கரி பூசணும்னே இருந்தியா?" 

மார்ச் 6, வெள்ளி

ருசி சரி என்று லோடு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மார்ச் 7, சனி

வண்டி போயாச்சு. ஆறு பாட்டிலை மட்டும் எடுத்து, அட்டைப்பெட்டியில் வைத்து, வாயு சீக்கிரம் ஏறுகிறதா பார்க்கச் சூடான அலமாரிக்குள் பூட்டினேன். என் நினைப்பு பொய்யாகப் போகட்டும்.

மார்ச் 11, புதன்

ஒன்றைத் திறந்தேன். நுரை கூரை வரை அடித்தது. பாதி பாட்டில் காலி.

நான் ஏன் போட்டேன்? அக்கா அழுவாளேன்னா? அத்தான் மூஞ்சிய தூக்கி வெச்சுக்குவாரேன்னா? இதுக்கா ஒரு கையெழுத்து?

மார்ச் 12, வியாழன்

காலை பத்து மணிக்கு அலமாரிக்குள் டமார் என்று வெடித்தது. கண்ணாடிச் சில்லு அட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டி நிற்கிறது. அத்தானைக் கையோடு இழுத்து வந்து காட்டினேன். சில்லையே பார்த்தார். பிறகு ஜனவரி பாட்டிலைக் கேட்டு வாங்கினார். இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய். முகம் வெளுத்தது.

"தொட்டியிலேர்ந்து பாட்டிலுக்குப் போற ரப்பர் குழாய் உள்ளே வெடிப்பு விட்டிருக்கு. அழுக்குத் தங்குதுன்னு தெரியும். அடுத்த தடவை மாத்திக்கலாம்னு விட்டுட்டேன்."

"பீர் சரியில்லன்னு எனக்கும் தெரியும் அத்தான். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்."

இருவரும் முதலாளி அறைக்குப் போனோம். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. அரை மணி நேரத்தில் எல்லாக் கடைக்கும் போன் போனது: அலமாரியைத் தொடாதீங்க, ஆளை வெளியே அனுப்புங்க.

ஒரு கடைக்கு மட்டும் தாமதமாகிவிட்டது.

மார்ச் 13, வெள்ளி

கடைக்காரருக்குக் கையில் ஏழு தையல். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கீறல். கண் தப்பியது.

மார்ச் 17, செவ்வாய்

அக்கா இன்னும் போனை எடுப்பதில்லை. அத்தான்தான் வண்டி ஓட்டினார். கடை வாசல் வந்ததும் இன்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். நான் மட்டும் இறங்கிப் போனேன்.

கடைக்காரர் கட்டுப் போட்ட கையை மேஜைமேல் வைத்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.  அவர் கேட்டார், "இதையெல்லாம் குடிச்சுப் பாத்துத்தானே அனுப்புவீங்க? யாரும்மா இதைச் சரின்னு சொன்னது?"

"நான்தான்."

 பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அத்தான் வந்து என் பக்கத்தில் நின்றார்.

"காய்ச்சினது நான்," என்றார்.