பஞ்சு போல ஒரு பவர் சப்ளை

அன்புள்ள உனக்கு,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

கேம் விளையாடும் கம்ப்யூட்டருக்கு நம் மகன் தானாகவே பாகங்கள் தேர்ந்தெடுத்தானே, அதில் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி பஞ்சு போல லேசாம். உள்ளே சரக்கில்லாததை மாட்டாதே என்றேன். "எடை போட்டு வாங்க இது என்ன வெங்காயமாப்பா?" என்று சிரித்தான். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

நேற்று எங்கள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் அதே கம்பெனிப் பெட்டி, சுவிட்சைப் போட்டதும் வெடித்தது. பயப்படாதே, எனக்கு இடது கையில் கொப்புளம் மட்டும்தான். களிம்பு தடவிவிடத்தான் ஆளில்லை.

இதைக் கொண்டுவருபவரிடம் கனமான பெட்டி ஒன்று கொடுத்திருக்கிறேன். அதை மாட்டும்வரை அவன் அறை பிளக்கைப் பிடுங்கி வை. அவர் கிளம்பி நிற்கிறார்.

காலையிலிருந்து உன் போன் அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. நான் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் அவனுக்கும் அடித்தேன். அவனும் எடுக்கவில்லை.

உன் வீட்டுக்காரர்