ஆண் குஞ்சுகளுக்கான தீவனம்

உன் மாமியார் கொடுத்தார், உன் கணவர் பார்த்துக்கொண்டிருந்தார், நீ குடித்தாய். மூன்று பேருமாகச் சேர்ந்துதான் உன்னைச் சாகடித்தீர்கள். ஆஸ்பத்திரித் தாளில் கல்லீரல் செயலிழப்பு என்று எழுதியிருக்கிறது. எதனால் என்று எழுதவில்லை. தாளை நான் மறுக்கவில்லை. முப்பது வயதைத் தொடாத ஒருத்தியின் கல்லீரல் சும்மா இருக்கும்போது கெட்டுப்போனது என்பதைத்தான் மறுக்கிறேன்.

இன்று காலை கலவை அறையில் ஸ்பிரிட் கேனைத் திறந்தேன். நெடி மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து நின்றுவிட்டாய். முழங்கைவரை கையுறை, மாஸ்க், அதற்கு மேல் கண்கள் மட்டும் தெரியும்படி சுற்றிய துப்பட்டா. அந்தக் கோலத்தில் உன்னைப் பார்த்து, அண்ணன் முறையில் நாம் தாதா என்று கூப்பிடும் சூப்பர்வைசர், "க்யா தீதி, பேங்க் லூட்னே ஜா ரஹீ ஹோ?" என்று கேட்பார். பேங்க் கொள்ளைக்குக் கிளம்பிவிட்டாயா என்று. நீ கலவை வாளியைத் தூக்கிக் காட்டி, "பேங்க்ல இவ்ளோ மதிப்பான மால் இருக்காது தாதா" என்பாய். வங்காளியான அவருக்கு உன் தமிழ் பாதிதான் புரியும். முழுதாகச் சிரிப்பார்.

போர்ட் பிளேரில் இருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், தகரக் கூரையும் சிமெண்ட் தொட்டிகளுமாக இருக்கும் இந்த மீன் குஞ்சுப் பண்ணைக்கு நீ எனக்கு முன்னால் வந்து சேர்ந்தாய். கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் நாம். விலங்கியல் படித்துவிட்டு இந்தத் தீவில் வேறு என்ன வேலைக்குப் போவது? நீ என்னையும் இழுத்துக்கொண்டாய். முதல் நாள் எல்லார் முன்னாலும் கேட்டாய்:

"மாசமா இருக்கியா?"

"எனக்குக் கல்யாணமே ஆகலடி!"

"நான் அதக் கேக்கல."

தாதா டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. நீ சிரிக்கவில்லை. கர்ப்பமாக இருக்கிறவளும், இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறவளும் கலவை அறைக்குள் கால் வைக்கக்கூடாது என்பது நீ போட்ட சட்டம். ஆள் பற்றாது என்று முதலாளி முணுமுணுத்தார். "அப்ப நீங்க வந்து கலக்குங்க சார்" என்றாய்.

நாம் செய்த வேலை விசித்திரமானது. ஜிலேபி மீனில் ஆண்தான் சீக்கிரம் பருக்கும். பெண், முட்டைகளை வாயில் வைத்து அடைகாத்துக்கொண்டு பட்டினி கிடக்கும். குளத்தில் இரண்டும் கலந்து கிடந்தால் குஞ்சுகள்தான் பெருகுமே தவிர, விற்கிற அளவுக்கு மீன் வளராது. அதனால் பண்ணைக்காரர்களுக்கு ஆண் மட்டும் வேண்டும். குஞ்சு நீந்தத் தொடங்கும் பருவத்தில் அதன் உடம்பு ஆணா பெண்ணா என்று முழுதாக முடிவு செய்திருக்காது. அந்த நேரம் பார்த்து ஆண் ஹார்மோனை ஸ்பிரிட்டில் கரைத்து, தீவனப் பொடியில் தெளித்து, நிழலில் உலர்த்தி, சில வாரங்கள் கொடுத்தால் பெண்ணாக வேண்டியதும் ஆணாக வளர்ந்துவிடும்.

ஃபெரார்கஞ்சில் இருந்து வந்த வங்காளிப் பெரியவர் ஒருவர் பிளாஸ்டிக் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் கேட்டார், "தீதி, சப் மர்த் ஹை நா? பக்கா?" எல்லாம் ஆண்தானே என்று. நூற்றில் ஒன்றிரண்டு பெண்ணாக வரும் என்று நீ ஹிந்தியில் சொன்னாய். அவர் முகம் விழுந்துவிட்டது. அவர் போனதும் என் பக்கம் திரும்பினாய்.

"அதுங்க தப்பிச்சதுங்கடி. நாம அவ்ளோ மருந்து போட்டும் பொண்ணாவே நிக்குதுங்க பாரு. எனக்கு அதுங்க மேலதான் மரியாதை."

மழைக்காலத்தில் தகரக் கூரையில் விழும் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிக்கொண்டே சாப்பிட்டோமே, அந்த மதியங்கள்தான் எனக்கு அதிகம் நினைவுக்கு வருகின்றன. உன் டப்பாவில் உங்கள் ராமநாதபுரத்துக் குழம்பு. என் டப்பாவில் பெரும்பாலும் ஷாதிபூர் மெஸ் ரொட்டி. உனக்கு என் ரொட்டி வேண்டும், எனக்கு உன் குழம்பு. கல்லூரியில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்ததை எல்லாம் நீ அங்கே ஊர்வம்பு மாதிரி சொன்னாய். நம் தொட்டியில் கிடக்கும் நைல் ஜிலேபியில் ஆணா பெண்ணா என்பது அப்பா வழியாக வருகிறது. அதன் நெருங்கிய சொந்தமான நீல ஜிலேபியில் அம்மா வழியாக. இரண்டும் ஒரே தொட்டியில் நின்றால் உன்னாலும் என்னாலும் சட்டென்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு விஷயத்தில் ஆளுக்கொரு வழி. போதாததற்குத் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் பெண்ணாக வேண்டிய குஞ்சுகளில் சில ஆணாகிவிடும்.

ஜங்லிகாட்டில் வண்ண மீன் கடையில் பாலித்தீன் பையில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பிளாட்டி, அதற்குள்ளேயே மூன்று வகை பால் குரோமோசோம்கள். ஒரு ஜோடியில் அப்பா முடிவு செய்வார், இன்னொன்றில் அம்மா. வயல் சேற்றில் பாம்பு மாதிரி நெளியும் ஒரு மீன் பெண்ணாகப் பிறந்து, முட்டையிட்டு, பிறகு ஆணாக மாறி மிச்ச வாழ்க்கையை வாழும். "கோடிக்கணக்கான வருஷமா ஆத்துலயும் குட்டையிலயும் கெடந்து இதுங்க ஒவ்வொரு வழியாப் போட்டுப் பாத்திருக்குடி. ஒண்ணு சரிவரலைன்னா இன்னொண்ணு. ஒரு ஜீன் போனா அந்த வேலைய வேற ஜீன் எடுத்துக்கும். நம்ம ஆளுங்கதான் ஒரே வழியப் பிடிச்சிக்கிட்டு, அதையும் தப்பாச் சொல்லிக்கிட்டு இருக்காங்க" என்றாய். நம் ஆளுங்க என்றால் மனிதர்கள் என்று நினைத்தேன். நீ உன் வீட்டைச் சொன்னாய்.

உனக்கு அப்போது இரண்டு மகள்கள். உன் வயிறுதான் சரியில்லை என்பது டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருந்த உன் வீட்டின் தீர்ப்பு.

உன்னை அழைத்துப் போக உன் கணவர் ஸ்கூட்டரில் வந்த ஒரு சாயங்காலம் நினைவிருக்கிறதா? அவரைத் தொட்டியருகே நிறுத்தி, ஒரு பெரிய ஆண் மீனைக் காட்டினாய்.

"இவரு ஜாதகத்துல பொண்ணுங்க. நாங்க மருந்து குடுத்து ஆம்பளையாக்கிட்டோம். இவருக்குக் கல்யாணம் பண்ணி வெச்சா என்ன பொறக்கும் சொல்லுங்க?"

"ஆம்பளதான்."

"எல்லாம் பொண்ணு! அத்தனையும் பொண்ணு. ஆம்பளையா வேஷம் மாத்தலாம், உள்ள இல்லாதது எங்கேர்ந்து வரும்? நம்ம ஆளுங்களுக்கு அது அப்பா கிட்டேர்ந்துதாங்க வரணும்."

தாதா சிரித்தார், நான் சிரித்தேன். உன் கணவர், "சலோ, மழ வரும்" என்று வண்டியைத் திருப்பினார். நல்ல மனிதர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். குடிக்கமாட்டார், அடிக்கமாட்டார். அம்மா பேசும்போது எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார். நம் ஊரில் நல்லவனாக இருப்பதற்கு இவ்வளவு போதும்.

மறுநாள் உன்னிடம், "அவருக்குப் புரிஞ்சுதா?" என்றேன்.

"புரியாம என்ன? வீட்டுல போய் கிளாஸ் எடுக்க முடியாதுடி. சம்பளம் குடுக்கற எடத்துலதான் நம்ம பேச்சு எடுபடும்."

பிறகு மூன்றாவது முறை கர்ப்பமானாய். தள்ளிப்போன அன்றே நீயாகக் கலவை அறைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, தாய் மீன் குளங்களுக்கு மாறிக்கொண்டாய். அந்த அறையிருந்த வராந்தாவில்கூட நடக்கவில்லை, சுற்றிக்கொண்டு போனாய். அந்த நாட்களில் ஒருமுறை, மாமியார் பால்காரரை மாற்றிவிட்டார் என்று சொன்னாய்.

"காளைக் கன்னு போட்ட மாட்டுப் பால்தான் வேணுமாம்."

"எதுக்கு, காப்பிக்கா?"

"ஆமா. காப்பிக்கு."

அதுவும் சிரிப்பாகத்தான் போனது. கண் மஞ்சளானபோது தூக்கம் இல்லாததால்தான் என்றாய். காலைக் கீழே ஊன்ற முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாய். நான் உன் தலைமாட்டில் இருந்தேன், உன் மாமியார் கால்மாட்டில் நின்றார். அந்த இளம் டாக்டரம்மா உன் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தேஸி தவா லியா தா க்யா? கோயி சூரண், கோயி ஜடி-பூட்டி?" நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டாயா என்று. நீ மாமியாரைப் பார்த்தாய். பிறகு, "நஹீ, டாக்டர்" என்றாய். அவர் விடாமல் மறுபடியும் கேட்டார். பயப்பட வேண்டாம், தெரிந்தால் எங்களுக்கு உதவி என்றார். "குச் நஹீ," ஒன்றும் இல்லை என்றே சொன்னாய். மெயின்லேண்டுக்குக் கொண்டுபோக ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோதே நீ போய்விட்டாய். உள்ளே இருந்ததும் உன்னோடு போயிற்று.

நான் எதையும் துப்பறியவில்லை. உன் மாமியாரே சொன்னார். உன்னை எடுத்துவிட்டு வந்த அன்று, வந்தவர்கள் நடுவில் உட்கார்ந்து, ஒப்பாரியின் இடையில், எந்தக் கூச்சமும் இல்லாமல்: "எவ்ளோ அலஞ்சு ஆம்பளப் புள்ளைக்கு மருந்து வரவழச்சேன், கப்பல்ல வந்துச்சு, ஒரு வேள தவறாம காளக் கன்னுப் பால்ல கலக்கிக் குடுத்தேன், அப்பவும் எங்களுக்குக் குடுத்து வெக்கலையே!" சுற்றி இருந்த பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். உன் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. உன் சின்ன மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பெண்கள் படித்தால் எல்லாம் மாறிவிடும் என்று மேடையில் பேசுகிறவர்களை உன் சமையலறைக்குக் கூட்டிப்போக வேண்டும். உன்னைவிட அதிகம் தெரிந்தவள் அந்தத் தெருவில் கிடையாது. கரு உருவான நொடியில் எல்லாம் முடிவாகிவிட்டது, எந்தப் பொடியும் அதை மாற்றாது என்று உனக்குத் தெரியும். பெயர் தெரியாத பொடியில் எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்றும் தெரியும். மீனுக்குப் போடுகிற மருந்தையே கையுறை இல்லாமல் தொடாதவள் நீ. இருந்தும் டம்ளரை வாங்கிக் குடித்தாய். குடித்தால் அன்றைக்கு ஒரு பேச்சு குறையும். வீட்டில் நிம்மதி. அதற்குத்தானே? மீன்களுக்கு இருந்த வழிகளில் ஒன்றுகூட அந்த வீட்டில் உனக்கு இல்லாமல் போயிற்றே என்று நினைக்கும்போது உன்மேல் இருக்கிற கோபம்கூட நிற்கமாட்டேன் என்கிறது.

இப்போது கலவை அறை என் பொறுப்பு. புதிதாக வரும் பெண்களிடம் உன் கேள்வியை உன் மாதிரியே எல்லார் முன்னாலும் கேட்கிறேன். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன்: வீட்டில் என்ன குடிக்கக் கொடுக்கிறார்கள்? சிலர் முறைக்கிறார்கள். ஒருத்தி அழுதாள். திமிர் பிடித்தவள் என்று எனக்குப் பெயர் வந்துவிட்டது. இருக்கட்டும்.

உன் கணவர் மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டார். பரமக்குடிப் பக்கத்துப் பெண். போன மாதம் கப்பலில் அழைத்து வந்தார்கள். தீவில் அவளுக்கு இவர்களைத் தவிர வேறு யாரையும் தெரியாது. நேற்று ரேஷன் கடை வரிசையில் உன் மாமியார் பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: அடுத்த கப்பலில் மருந்து வருகிறது, இந்தத் தடவை ஆரம்பத்திலேயே கொடுத்துவிட வேண்டும். நான் போய் அந்தப் புதுப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம் என்பாய். போனேன், வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஜன்னல் வழியாகக் கத்தினாலும் அது செத்துப்போனவளின் சிநேகிதி பேசும் வயிற்றெரிச்சல் பேச்சாகத்தான் போகும். உன் கணவர் சொன்னால் மட்டும்தான் அந்த வீட்டில் அது உண்மையாகும்.

அதனால் இன்று வேலை முடிந்ததும் ஜங்லிகாட்டில் அவருடைய பெயிண்ட் கடைக்குப் போனேன்.

"வாம்மா, சௌக்கியமா?" என்றார்.

"அண்ணே, உங்க மொத சம்சாரம் என்ன குடிச்சுச் செத்தாங்கன்னு இந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிட்டீங்களா?"

கடைப் பையன் கையில் இருந்த பிரஷ்ஷோடு அப்படியே நின்றான். அவர் குரலை இறக்கினார். "கடையில வெச்சு இதெல்லாம் ஏம்மா..."

"வீட்டுக்குள்ள விட மாட்டேங்கறாங்களே. கப்பல் வர்றதுக்குள்ள நீங்க சொல்லணும். உங்க அம்மா முன்னாடி, உங்க வாயால. சொல்றேன்னு இப்ப என்கிட்டச் சொல்லுங்க."

அவர் என் தோளுக்கு மேலே, பின்னால் வந்து நின்ற ஆளைப் பார்த்தார். "போலோ பாய், க்யா சாஹியே?" என்ன வேண்டும் என்று அந்த ஆளிடம்.

நான் நகரவில்லை.

"சொல்லுங்க அண்ணே."