வாளி மண்

ஆகஸ்ட் 9, சனி

மேடம் குடும்பத்தோடு லீவில் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. டிரைவர் வேலைக்கு வந்த நான் அவர்களுடைய டெரியர் நாய்க்குட்டி ரஸ்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பகலில் ரோடு அதன் காலைப் பொசுக்கிவிடும். அதனால் விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு முன்பே ஒரு மணி நேரம் அதோடு ஓடுகிறேன். எனக்கு மூட்டு வலிதான் மிச்சம், ரஸ்டி களைப்பதே இல்லை. இன்றைக்கு சோபாவின் ஒரு மூலையைக் கிழித்துவிட்டது. மேடம் வந்தால் என்ன சொல்வேனோ.

சாயங்காலம் என் கையை நக்கிவிட்டது. ஊரிலிருந்து போனில் மனைவி, "ஏழு தரம் கழுவுனீங்களா? ஒரு தரம் மண்ணு போட்டீங்களா? மறந்துட்டுத் தொழுதுறாதீங்க" என்றாள். நாய் எச்சில் பட்டால் அப்படிக் கழுவினால்தான் சுத்தம், தொழ முடியும்; அதற்காகவே தோட்டத்து மண்ணை ஒரு வாளியில் வைத்திருக்கிறேன். கழுவித் தொழுதுவிட்டு வந்தால் வாளி கவிழ்ந்து கிடக்கிறது. ரஸ்டி மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. ஏனோ தடுக்கத் தோன்றவில்லை. அரை மணி நேரம் மூக்கெல்லாம் மண்ணாகத் தோண்டிவிட்டு அங்கேயே தூங்கிப்போனது. இத்தனை நாளில் இப்படித் தூங்கியதே இல்லை. அப்படியென்றால் நான் ஓடியதெல்லாம் எதற்கு?

மனைவியிடம் சொன்னேன். "அந்த மண்ணுலயே வாய வச்சிருச்சே. இனி எத வச்சுக் கழுவுவீங்க?" என்றாள். அதுவும் சரிதான். தோட்டத்து மண் முழுவதும் அது மோந்து திரிந்த மண்தானே. இது எனக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டாமா?

இதை எழுதும்போது எழுந்து வந்து காலடியில் படுத்திருக்கிறது. எழுதாத கையை நக்குகிறது. கழுவ மண் இல்லை. கையை இன்னும் எடுக்கவில்லை.