ஹார்லன் வீட்டு முன்கதவு

என் செல்ல மாரிட்டுக்கு,

அம்மா எழுதறேன். நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், நீயும் மாப்பிள்ளை தாமஸும் அந்த அலாஸ்காக் குளிர்ல சளி இருமல் இல்லாம இருக்கணும்னு சர்ச்சுல உக்காரும்போதெல்லாம் வேண்டிக்கறேன். இங்கே விஸ்கான்சின்ல பனி கரைஞ்சு எங்கே கால் வச்சாலும் சேறு. அப்பா முட்டிக்கு ஊசி போட்டுக்கிட்டார், மறுநாளே டிராக்டர் மேல ஏறி உக்காந்துட்டார், சொன்னா கேக்கற ஆளா அவர். நாய்க்கு வயசாகிடுச்சு, உன் பழைய ஸ்வெட்டர் மேலதான் படுப்பேன்னு அடம் பிடிக்குது. நீ அனுப்பின சால்மன் மீன் வந்து சேர்ந்தது, ரொம்ப ருசி, அப்பா பங்கு கொடுக்காமத் தின்னார்.

போன்ல சொன்னா பாதியில அறுந்துடும்னுதான் இதை எழுதறேன். மேட்டு ரோட்டுப் பால்பண்ணை ஹார்லன் ஓல்ஸ்டாட்டை ஞாபகம் இருக்கா, சின்னதுல அவர் கன்னுக்குட்டியைக் கண்காட்சிக்கு ஓட்டிட்டுப் போய்ப் பரிசு ரிப்பன் வாங்கினியே. வருஷா வருஷம் பனி கரையறதுக்குள்ள எங்க பேங்குக்கு வந்து என் எதிர்ல உக்காந்து விதைக்கும் உரத்துக்கும் கடன் எழுதிக்குவார், அறுவடை ஆனதும் கட்டிடுவார். இந்த வருஷம் ஏப்ரல் பாதி தாண்டியும் மனுஷன் எட்டிக்கூடப் பார்க்கலை. விதை போடலைன்னா குளிர்காலத்துக்கு மாட்டுக்குத் தீனி இல்லை, தீனி இல்லைன்னா மாட்டை வித்துட்டுக் கையைக் கட்டிக்கிட்டு உக்கார வேண்டியதுதான். பொண்டாட்டி போர்கில்ட் செத்துப் போன பிறகு அந்த மாடுங்களை விட்டா அவருக்குப் பேச்சுத் துணைக்கு யார் இருக்கா, நீயே சொல்லு.

என் வேலை எப்படிப்பட்டதுன்னு உனக்குத் தெரியும். எல்லாம் தெரிஞ்சிருக்கணும், ஆனா எதையும் கேக்கக் கூடாது. எத்தனை மாடு வச்சிருக்கேன்னு ஒரு பண்ணைக்காரரைக் கேட்டா பர்ஸைத் திறந்து காட்டுன்னு கேட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்குவார். அதனால நான் தொழுவத்துச் சுண்ணாம்பைப் பார்ப்பேன், டயரைப் பார்ப்பேன், நாய் வயிறு நிறைஞ்சிருக்கான்னு பார்ப்பேன். ஊர்க் கதையெல்லாம் தெரிஞ்சுக்கணும்னு எனக்கு இருக்கற அரிப்புக்குக் கடவுள் சம்பளமும் கொடுத்து உக்கார வச்சிருக்கார்னு உங்கப்பா கேலி பண்ணுவார்.

அப்படிப்பட்டவளுக்கு இந்த மாசம் பூரா தூக்கமே இல்லை. ரோட்டுல எதிரே வந்தா ஸ்டியரிங்லேர்ந்து ரெண்டு விரலைத் தூக்கி வணக்கம் சொல்லாம ஹார்லன் போனதே கிடையாது, ஒரு நாள் என்னைப் பார்க்காத மாதிரி நேரா முன்னாடி பார்த்துக்கிட்டுப் போனார். ஊரே கூடற வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக்கும் வரலை. வேற பேங்குக்குப் போயிட்டாரா, உடம்பு சரியில்லையா, இந்த வயசுல எவளையாவது பார்த்துட்டாரான்னு என் புத்தி போகாத ஊரெல்லாம் போய்ட்டு வந்தது. போய்க் கேட்டுத் தொலையேன்னு அப்பா சொன்னார். எப்படிக் கேக்கறது. அப்புறம் தீவனக் கடையில ஒரு சேதி காதுல விழுந்தது, ஏலக்காரர் வந்து ஹார்லனோட மாடுங்களைப் பார்த்துட்டுப் போயிருக்கார்னு.

மார்ச்ல அவர் வீட்டுல கேக் ஒண்ணு வச்சுட்டு வந்திருந்தேன், அந்தத் தட்டை வாங்கிக்கற சாக்குல நேத்து கிளம்பினேன். எப்பவும் போலப் பின்பக்கம் போய், பூட்ஸைக் கழட்டிட்டு, நான்தான்னு குரல் கொடுத்துக்கிட்டே அடுக்களைக்குள்ள போனேன். மனுஷன் வா போன்னுகூடச் சொல்லலை, காப்பியை மட்டும் ஊத்தி வச்சார். மழையைப் பத்திப் பேசினோம், பால் லாரிக்காரனைப் பத்திப் பேசினோம், உன்னைக்கூட விசாரிச்சார். ரெண்டாவது கோப்பையும் காலியாச்சு. கடைசியில கழுவித் துடைச்ச தட்டை என் பக்கமா நகர்த்தி, ஜன்னலைப் பார்த்துக்கிட்டே சொன்னார், "ஏம்மா லோரெய்ன், கடன் கிடையாதுன்னு நேரா சொல்லியிருக்கலாம். கேக்கெல்லாம் எதுக்கு."

எனக்கு ஒண்ணும் புரியலை. யார் சொன்னா கிடையாதுன்னு, நான் உங்களுக்காகக் காகிதத்தை எடுத்து வச்சுக்கிட்டுக் காத்திருக்கேன்னு சொன்னேன். அப்பதான் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ முன்கதவைத் தட்டினியே" அப்படின்னார்.

மாரிட், எனக்குச் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது. அன்னைக்கு நான் ஒரு சாவு வீட்டுலேர்ந்து வந்தேன், கறுப்புக் கோட்டு, நல்ல செருப்பு, பின்பக்கம் முழங்கால் வரைக்கும் சேறு. செருப்பு பாழாயிடுமேன்னு முன்பக்கமா ஏறித் தட்டினேன், யாரும் திறக்கலை, அவர் தொழுவத்துல இருப்பார்னு கேக்கை வாசல்ல வச்சுட்டு வந்துட்டேன். மனுஷன் மாடி ஜன்னல்லேர்ந்து பார்த்துக்கிட்டு நின்னிருக்கார். அந்த வீட்டு முன்கதவை யார் தட்டியிருக்கா சொல்லு. அவங்க அப்பா காலத்துல கடனுக்காகப் பாதி நிலத்தை எடுத்துக்க வந்த பேங்கு ஆளு தட்டினான், அப்புறம் போர்கில்டைத் தூக்கிட்டுப் போக வந்தவங்க. நம்ம ஊர்ல பழகினவங்க எல்லாரும் பின்கதவு வழியாத்தானே வருவோம், நாம யாரும் அந்தப் பக்கம் போனதே இல்லை. இத்தனை வருஷம் பின்பக்கமா வந்தவ கறுப்பு உடுத்திக்கிட்டு முன்பக்கம் வந்து நின்னா அவர் வேற என்னத்தை நினைப்பார். "கீழ இறங்கி வரப் பயமா இருந்ததும்மா"ன்னார். அந்த ஆள் வாயிலேர்ந்து பயம்ங்கற வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

என் கண் முன்னாலயே ஏலக்காரருக்குப் போன் பண்ணி வேண்டாம்னுட்டார். என் பையில இருந்த காகிதத்துல அந்த மேஜை மேலயே கையெழுத்தும் போட்டாச்சு, இந்த வாரம் விதை வந்துடும். ஆனா கிடேரிங்களை எல்லாம் போன வாரமே வித்துட்டாராம், அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. என் ஒரு ஜோடி செருப்புக்காக அவர் கொடுத்த விலை அது. பரவாயில்லை விடுன்னார், என்னால விட முடியலை.

திரும்பி வரும்போது வண்டியை ஓட்டிக்கிட்டே உன்னை நினைச்சேன். கிறிஸ்துமஸுக்குத் தாமஸோட வந்தப்ப நீ முன்கதவு மணியை அடிச்சே. அந்தக் கதவைத் திறக்க அப்பா அட்டைப்பெட்டியை எல்லாம் இழுத்துப் போட வேண்டியதாப் போச்சு, எல்லாரும் சிரிச்சோம். நான் ஒண்ணும் கேக்கலை. ஆனா அன்னையிலேர்ந்து எனக்குள்ள அது குடைஞ்சுக்கிட்டே இருக்கு. படியில பனி இருந்ததாலயா, தாமஸுக்குப் பின்பக்கத்துக் குப்பையைக் காட்ட வெக்கமா, இல்லை நாங்க உன்கிட்ட ஏதோ தப்பா நடந்து நீ விருந்தாளியாப் போயிட்டியா. கேக்காம இருந்தா என்ன ஆகும்னு நேத்து பார்த்துட்டேன், அதனால கேக்கறேன். என்னடி ஆச்சு? எதுவா இருந்தாலும் எழுது, நான் கோவிச்சுக்க மாட்டேன்.

ஜூலையில வரேன்னு சொன்னதை மறந்துடாதே. வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண் முழிச்சு வேலை பாக்காதே. ஆண்டவர் உன்னையும் தாமஸையும் கண் போலக் காப்பாத்தட்டும். பின்கதவை நாங்க பூட்டறதில்லை, தட்டாம வா. முன்பக்கமா வரலாம்னு நினைக்காதே, இந்தக் கடிதத்தை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன், எழுந்து போய்ப் பெரிய சோபாவை அந்தக் கதவுக்குக் குறுக்கே தள்ளிட்டு வந்து உக்காந்திருக்கார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா லோரெய்ன்