மூன்றாம் வேலியின் அடிப்பலகை

ஜனவரி 9, திங்கள்

ஒளியை முதலில் படைத்து, அதைக் காணும் கண்ணைப் பின்னர் படைத்தவரே. பறவைக்கு ஒரு பார்வை, மீனுக்கு ஒரு பார்வை, மனிதனுக்கு ஒரு பார்வை என அளந்து கொடுத்தவரே, இப்புதிய ஏட்டின் முதற்பக்கத்தை உம் திருமுன் வைக்கிறேன். எண்பது வயதுக்காரனின் கை இது. நடுங்கினாலும் பொய் எழுதாதிருக்க அருள்வீராக.

இன்று காலை சதுப்பிலிருந்து பிர்ச் மர விளார்கள் டிராக்டரில் வந்து இறங்கின. கில்பிரானக் திடலில் மார்ச் மாதக் குதிரைப் பந்தயத்துக்கு, குதிரைகள் தாண்டும் விளார் வேலிகளை மறுபடி கட்டும் காலம். ஈர விளாரின் வாசனை அடித்ததும் என்னையறியாமல் திரும்பிப் பார்த்தேன், நுவாலா பின்னால் வருகிறாளா என்று. கட்டுகளை இறக்கிவிட்டு, தலைமுடியில் விளார்த் துணுக்குகளோடு அப்படியே திருப்பலிக்கு வந்து நிற்பாள் என் மனைவி. அவள் போய் ஆறு ஆண்டுகள்.

முப்பது ஆண்டு இத்திடலின் பொறுப்பாளனாக இருந்தேன். இப்போது குழுவில் மூத்தவன் என்ற பெயருக்கு ஒரு நாற்காலி. என் இடத்தில் இருப்பவள் கிராய்னே லேசி. என்னிடம் லத்தீன் படித்தவள். விளார்க் குவியலுக்கு அப்பாலிருந்து கூவினாள்.

"வாத்தியாரய்யா! இந்த வருஷம் அடிப்பலகைக்கு ஆரஞ்சு வேணாம். வெள்ளை அடிக்கலாம்னு குழுவுல கேக்கப் போறேன். நீங்க பக்கத்துல நிக்கலன்னா நம்ம குழுப் பெரியவர் பா கீலி என்னை உசுரோட தின்னுருவாரு."

"ஆரஞ்சுக்கு என்னம்மா குறை?"

"வாயால சொன்னா நம்ப மாட்டீங்க. ஒரு நாள் வாங்க, காட்டுறேன்."

வேலியின் காலடியில் கிடக்கும் அந்தப் பலகையைக் கண்டுதான் குதிரை எங்கே கால் ஊன்றி எழும்புவது என்று கணிக்கிறது. அதற்கு முதன்முதலில் ஆரஞ்சு நிறம் இட்டவன் நான்.

ஜனவரி 11, புதன்

மழை. முழங்கால் வலி. கிராய்னேயைப் பார்க்கப் போகவில்லை. வலியினால்தானா?

ஜனவரி 18, புதன்

போனேன். போகாமலே இருந்திருக்கலாம்.

மூன்றாம் வேலிக்கு முன்னால் என்னை நிறுத்தித் தன் கைபேசியில் படம் எடுத்தாள். கருத்த விளார், பசும்புல், நடுவே தீக்கோடு போல ஆரஞ்சுப் பலகை. "குதிரைக்கு நம்மள மாதிரி எல்லா நிறமும் பிரிஞ்சு தெரியாதாம். கால்நடை டாக்டரம்மா விளக்கினாங்க. நீலம் தெரியும், மஞ்சள் தெரியும், வெள்ளை பளிச்சுன்னு தெரியும். இப்போ அது பாக்குற மாதிரி மாத்துறேன், பாருங்க" என்றாள்.

விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். பலகை போய்விட்டது.

"எங்கம்மா போச்சு?"

"எங்கயும் போகல, அங்கயேதான் கெடக்கு. நமக்குத் தெரியுது. அதுக்குப் புல்லோட புல்லாப் போச்சு."

மறுபடி தட்டச் சொன்னேன். வந்தது. மறுபடி. போயிற்று. எத்தனை முறை என்று நினைவில்லை. அவள் ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடிக்காமல் வந்துவிட்டேன். கையுறைகள் அங்கேயே.

அவ பாக்கவே இல்ல அத்தான். பலகைய அவ பாக்கவே இல்ல.

ஆண்டவரே, டோனல் அன்னைக்கே சொன்னானே. என் முகத்துக்கு நேரா நின்னு சொன்னானே!

ஜனவரி 19, வியாழன்

எழுதித் தீர்க்க வேண்டும். இல்லையெனில் நேற்றைய படம் கண்ணை விட்டு அகலாது.

1979, மார்ச் மாதம். அந்த ஆண்டுபோல் ஒரு வசந்தம் அதன்பின் வரவில்லை, அல்லது எனக்குப் பிறகு அப்படிப் பார்க்கத் தெரியவில்லை. வேலி ஓரமெல்லாம் முட்புதர் வெள்ளையாய்ப் பூத்திருந்தது. எனக்கு முப்பத்தாறு வயது. பொறுப்பேற்று இரண்டாம் ஆண்டு. பழைய பலகைகள் கறுத்துக் கிடந்தன. குதிரைகளுக்கு நன்மை செய்கிறேன் என்ற பெருமையோடு ஆரஞ்சு வண்ணம் வாங்கிவந்தேன். நுவாலா டப்பாவைப் பிடித்துக்கொண்டாள், நான் பூசினேன். அவள் மூக்கு நுனியில் ஒரு பொட்டு வைத்தேன். "வேலி நான் இல்ல, பலகைய பாரு" என்று துரத்தினாள்.

பந்தயத்துக்கு முதல் நாள் குழுவினர் அனைவரும் திடலைச் சுற்றி நடந்து ஒவ்வொரு வேலியாகப் பார்ப்பது எங்கள் வழக்கம். அன்றும் நடந்தோம். பங்குத்தந்தையும் வந்தார். "கண்ணப் பறிக்குதே!" என்று ஒவ்வொருவராக என் முதுகில் தட்டினார்கள். எந்தக் கண்ணை என்று எவரும் கேட்கவில்லை.

நுவாலாவின் தம்பி டோனல் ஹெனபரி. இருபத்துநான்கு வயது. அவர்கள் வீட்டுச் சாம்பல்நிறப் பெண்குதிரைக்கு ஃபான்லோக் என்று பெயர். எங்கள் ஊர்ப் பழைய மொழியில் தகைவிலான் குருவி. கூரையின்கீழ் நுழையும் குருவியைப் போலத்தான் அதுவும் பறக்கும். டோனலின் சட்டைப்பையில் காரட்டைத் தேடி மூக்கை நுழைக்கும். அவன் திருப்பலிக்குப் போட்டுவரும் கோட்டைக்கூட விடாது.

பந்தய நாளில் டோனல் ஏறிவர, மூன்றாம் வேலிக்கு அது நன்றாகத்தான் வந்தது. ஆனால் எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பவில்லை. ஓரடி தாண்டி, பலகை மீதே கால் வைத்தது. மார்பு வேலியில் மோதி விழுந்தது, எழ முடியவில்லை. பச்சைத் திரையைச் சுற்றிலும் பிடித்தார்கள். பிறகு அந்த ஒற்றைத் துப்பாக்கிச் சத்தம்.

விசாரணையில் டோனல் சேற்றோடு நின்றான். "பதினஞ்சு தடவை அவமேல தாண்டியிருக்கேன். எனக்குத் தெரியும். அவ பாக்கவே இல்ல அத்தான்." நான் சொன்னேன்: "எரியுற நெருப்பு மாதிரி இருக்கு பலகை. குருடனுக்கும் தெரியும்." குழுவின் தீர்மானங்களை எழுதும் மினிட் புத்தகத்தில் என் கையால் எழுதினேன்: சவாரி செய்தவரின் கவனக்குறைவே காரணம். இரண்டு ஆண்டு தடை. அவன் இரண்டு மாதத்தில் கடல் தாண்டி கவன்ட்ரிக்குக் கட்டட வேலைக்குப் போனான். அதன்பின் குதிரைமேல் ஏறவே இல்லை.

அன்று மாலை நுவாலா ஒன்றே ஒன்று சொன்னாள்: "என் தம்பி பொய் சொல்ல மாட்டான், மாலக்கி." அதன்பின் அப்பேச்சை எடுக்கவில்லை. ஃபான்லோக்கின் கடிவாளத்தைத் துணிப்பெட்டியின் அடியில் வைத்தாள். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

ஜனவரி 27, வெள்ளி

வேதத்தைத் திறந்தேன். மூடினேன். குதிரையைப் பற்றி இத்தனை இடங்களில் பாடியிருக்கிறதே, அதன் பிடரியைப் பற்றி, கனைப்பைப் பற்றி! அதன் கண்ணைப் பற்றி ஒரு வரியும் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 1, புதன். பிரிஜித் அம்மையார் திருநாள்

பா கீலி வந்தார். திருநாளுக்கென நாணலில் முடைந்த சிலுவை ஒன்று கொண்டுவந்து கதவில் தாமே மாட்டினார். அன்றைய குழுவில் இன்று எஞ்சியிருப்பது நாங்கள் இருவர்தாம்.

"அந்தப் பொண்ணு சொல்றதக் கேட்டியா? குதிரைக்குக் கலர் தெரியாதாம்! விட்டா மூக்குக் கண்ணாடி மாட்டணும்பா."

"படத்தப் பாத்தேன், பா."

"பாத்தியா?" வெண்ணெய் தடவிய ரொட்டி அவர் கையிலேயே நின்றது. பிறகு அதைத் தட்டில் வைத்தார். "அப்போ வாய மூடிக்க. வெள்ளை அடிச்சா அடிச்சிட்டுப் போறாங்க, ஏன்னு யாரும் கேக்கப் போறதில்ல. பழசக் கிளறி யாருக்கு என்ன லாபம்? நுவாலாவும் இல்ல."

லாபம் எவருக்கும் இல்லைதான். வாயை மூடினால் நான் மட்டும் மரியாதையோடு சாகலாம்.

பிப்ரவரி 16, வியாழன்

குழுக் கூட்டம். கிராய்னே வெள்ளைப் பலகையைப் பற்றிப் பேசி முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஒருவன் சிரித்தான்: "வாத்தியாரய்யா அடிச்ச கலருய்யா அது! தப்புன்னா அவரே சொல்லட்டும், பாப்போம்."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். நான் எழுந்தேன். 1979ஆம் ஆண்டு மினிட் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னேன். என் பழைய கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தது! நடுக்கமே இல்லை. அவ்வரியைச் சத்தமாக வாசித்தேன். பிறகு சொன்னேன்: "இது தவறு. குதிரை பலகையைக் காணவில்லை. காணாத நிறத்தை அதற்கு இட்டவன் நான். கண்டவனின் சொல்லை ஏற்காதவனும் நான்."

எங்கள் புத்தகத்தில் எழுதிய வரியை அடிப்பதில்லை. திருத்தத்தைக் கீழே எழுதி, அனைவர் முன்னிலையிலும் வாசித்து, கையொப்பமிட வேண்டும். எழுதினேன். வாசித்தேன். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பா கீலி எழுந்து வந்தார்.

"பேனாவக் குடு. அன்னைக்கு நானும் கை தூக்கினேன்ல?"

வெள்ளைக்கு எதிராக ஒரு கையும் எழவில்லை.

பிப்ரவரி 22, திருநீற்றுப் புதன்

நெற்றியில் சாம்பலோடு டோனலுக்குக் கடிதம் எழுதினேன். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளின் வாக்கியங்களைத் திருத்தியவனுக்கு ஒரு வாக்கியம் அமையவில்லை. கடைசியில் புத்தகத்தில் எழுதிய திருத்தத்தை அப்படியே நகலெடுத்து, பந்தய நாளைக் குறிப்பிட்டு அனுப்பினேன்.

மார்ச் 4, சனி

பதில் இல்லை. மூன்றாம் வேலிக்கு மட்டும் நானே வெள்ளை பூசினேன், மண்டியிட்டு. எழுவதற்குக் கிராய்னே கை கொடுக்க வேண்டியிருந்தது. டப்பா பிடிக்க ஆளில்லை.

மார்ச் 11, சனி

திடலைச் சுற்றி நடந்தோம். மூன்றாம் வேலியருகே யாரோ குனிந்து நிற்பது தெரிந்தது. தொப்பிக்குக் கீழே நரைமுடி. நுவாலாவின் காது, அதே காது.

தலையை ஒரு பக்கம் சாய்த்து, முழங்காலில் கை ஊன்றி, குதிரை வரும் வழியிலிருந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிராமலே சொன்னான்: "இடது ஓரம் ஒரு சாண் விட்டுட்டீங்க அத்தான்."

"கண் முன்னப் போல இல்லப்பா."

"எப்பத்தான் இருந்துச்சு?"

கிராய்னே முகத்தைத் திருப்பிக்கொண்டாள், சிரிப்பை மறைக்க. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு எதுவோ வந்தது. மன்னிப்பு என்று தொடங்கினேன். அவன் கையை உயர்த்தினான்.

"அதெல்லாம் இன்னைக்குச் சொல்லிட முடியாது. மன்னிக்கிறதுக்குன்னு நான் வரல. அந்தப் புத்தகத்த என் கண்ணால பாக்கணும். அப்புறம் ஒரு பிரஷ் குடுங்க."

குழு அறையில் புத்தகத்தைத் திறந்து வைத்தேன். இரண்டு வரிகளையும் வாசித்தான். மேலுள்ளதை ஒருமுறை, கீழுள்ளதை இருமுறை. பிறகு வெளியே போய் அந்த ஒரு சாணையும் பூசினான்.

மார்ச் 12, ஞாயிறு

முதல் ஓட்டம், பதினொரு குதிரைகள். மூன்றாம் வேலியருகே இருவரும் நின்றோம். மண் அதிர்வது கால்வழியே ஏறியது. டோனல் என் கோட்டின் கையைப் பற்றினான். பற்றியது அவனுக்கே தெரிந்திருக்காது. பழுப்பு, கறுப்பு, பழுப்பு, பிறகு ஒரு சாம்பல்நிறம். வெள்ளைப் பலகைக்குச் சரியாக ஓரடி முன்பு எழும்பியது.

"பாத்துட்டா" என்றான்.

பதினொன்றும் தாண்டும்வரை கையை விடவில்லை. பிற்பகலில் ஒரு குதிரை ஐந்தாம் வேலியில் சறுக்கி, எழுந்து தானே நடந்தது. வெள்ளை பூசிவிட்டால் இனி ஒன்றும் விழாது என்று நான் எழுதமாட்டேன். இனியாவது குதிரை காண்பதை நாம் கேட்போம்.

மார்ச் 15, புதன்

டோனலின் திரும்பும் பயணச்சீட்டு நேற்றைக்கு. காலையில் துணிப்பெட்டியின் அடியிலிருந்து கடிவாளத்தை எடுத்துக் கொடுத்தேன். எண்ணெய் கேட்டான். சன்னல் அருகே உட்கார்ந்து, தோலின் வெடிப்புகளில் விரலால் தேய்த்துக்கொண்டே நுவாலாவின் சிறுவயதுக் கதை ஒன்றைச் சொன்னான், நான் அறியாதது. இருவரும் சிரித்தோம். அவன் தொப்பி கதவோர ஆணியில், அவளுடைய மழைக்கோட்டுக்குப் பக்கத்தில். நாளை நான்கு முட்டை வேகவைக்க வேண்டும். அவன் மூன்று தின்கிறான்.

எனக்குப் பின் இவ்வேட்டைத் திறப்பவர் எவரோ, உமக்கும் உம் இல்லத்தார்க்கும் ஆண்டவர் அருள்வாராக. உம் கொட்டிலின் உயிர்கள் நலமாக நிற்கட்டும். உம்மிடம் உண்மை சொல்பவர் உம் வாசலை விட்டுப் போகாதிருக்கட்டும். போனவர் நீர் உயிரோடிருக்கும்போதே திரும்பட்டும். ஆமென்.