பள்ளிக்கூட விழாவில் அப்பா படத்துக்கு விழுந்த மாலை

அன்பு மகள் ஈவாவுக்கு அம்மா ஜெபசுதா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் சுகம், உன் அப்பாவும் சுகம். அப்பா சுகம் என்கிற இடத்தில் இந்தத் தடவை அடியில் கோடு போட்டிருக்கிறேன், நன்றாகப் பார்த்துக்கொள். கிளாஸ்கோவில் நீயும் மாப்பிள்ளை ஷாமும் ஜாஸ்லின் குட்டியும் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க ஜெபிக்கிறேன். போனில் அந்தப் படத்தைப் பார்த்து நீ வேலை பார்க்கிற வார்டிலேயே நின்று அழுததும், படுத்திருந்த நோயாளியே எழுந்து வந்து உனக்குத் தண்ணீர் கொடுத்ததும் கேட்டு எனக்கு மனசே சரியில்லை. நடந்ததைப் போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துகிறார். அதனால்தான் அவர் பென்ஷனர் சங்கத்துக்குப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன்.

நம் ஊர் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு இந்த வருஷம் நூறு வயது. ஆனால் ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகளே இல்லை, எல்லாரும் வேன் ஏறி இங்கிலீஷ் பள்ளிக்குப் போகிறார்கள். இப்படியே போனால் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு. தலைமையாசிரியை முத்துச்செல்வி டீச்சர், விழா வைத்தாலாவது ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று உன் அப்பாவை விழாக் குழுத் தலைவராகப் போட்டார். அங்கேயே ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் அல்லவா, மனுஷனைப் பிடிக்க முடியவில்லை. வீடு வீடாகப் போய்ப் பள்ளியின் சரித்திரம் கேட்டார். பனை சீசனில் பதநீர் இறக்கக் குடும்பங்கள் எல்லாம் செம்மணல் தேரிக் காட்டுக்குக் குடிபோனால் வகுப்பு காலியாகிவிடுமாம், அதனால் முதல் வாத்தியார் பிச்சையா கரும்பலகையைத் தலையில் சுமந்துகொண்டு பின்னாலேயே போய், அதைப் பனைமரத்தில் கட்டிப் பாடம் நடத்தியிருக்கிறார். சிலேட்டு கிடையாது, செம்மணலில்தான் எழுத்து. பிள்ளைகள் எழுதாமலே உட்கார்ந்துகொண்டு, எழுதியாச்சு சார், காத்துதான் அழிச்சுட்டு என்பார்களாம். அப்புறம் வந்த இசக்கியம்மாள் டீச்சருக்குத் தொண்டை அப்படி, இங்கே அவர் வாய்ப்பாடு சொன்னால் அடுத்த ஊரில் மாடு மேய்ப்பவர்கள் சேர்ந்து சொல்வார்களாம். இதையெல்லாம் சாப்பிடும்போதும் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம்.

விழாவில் பிச்சையா வாத்தியார் படத்தைத் திறப்பது என்று முடிவாயிற்று. அவருக்கு ஒரு போட்டோ கூடக் கிடையாது. அவர் பேரன், கருப்பட்டிக் கடை சுடலைக்கண்ணன் அண்ணாச்சி, எங்க தாத்தா அப்படியே என்னைய மாரிதான் இருப்பாவ, என்னைப் பாத்து வரைங்க என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். வாத்தியார் முகத்தில் ஒரு களை வேண்டாமா என்று உன் அப்பா சொல்ல, இரண்டு பேருக்கும் சண்டை. கடைசியில் படகுகளுக்குப் பேர் எழுதுகிற ரோச்சிடம், பார்த்தாலே பயமும் மரியாதையும் வருகிற மாதிரி ஒரு வாத்தியார் முகம் வரைந்துவிடு என்று உன் அப்பாவே சொல்லிவிட்டு வந்தார்.

விழா அன்று கல்வி அதிகாரி வந்து துணியை விலக்கினார். தலைப்பாகை, கோட்டு, பெரிய மீசை, அதற்கு நடுவில் உன் அப்பா! அந்த விடைத்த காதும் மூக்கு மச்சமும் அப்படியே இருந்தன. அதிகாரி ஒன்றும் தெரியாமல் ரோஜா மாலையைப் போட்டு, எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லிவிட்டார். சுடலைக்கண்ணன் அண்ணாச்சி, ஏலே, இது நம்ம கிருபாநிதி சார்லா என்று கத்தினார். ரோச்சைப் பிடித்துக் கேட்டால், மூணாங்கிளாஸ்ல தெனமும் முட்டி போட்டு அண்ணாந்து பாத்த மொகம் சார், பயமும் மரியாதையும்னு சொன்னதும் கை தானா அங்கதான் போவுது என்கிறான். கூட்டமே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அந்த மாலையைப் பார்த்ததும் தூரத்தில் நிற்க மனசில்லை ஈவா. கூட்டத்துக்குள் போய் உன் அப்பா சட்டையைப் பிடித்துக்கொண்டேன், விழா முடிகிற வரைக்கும் விடவில்லை.

யாரோ ஒரு புண்ணியவான் அந்த மாலை போட்ட படத்தை வாட்ஸ்அப்பில் போட, மறுநாள் காலையிலேயே விழாவுக்கு வராதவர்கள் துக்கம் கேட்க வாசலில் கூட்டம். உன் அப்பா கதவைத் திறக்க விடவில்லை. சும்மாயிரு, என்ன பேசுதாங்கன்னு கேப்போம் என்று ஜன்னல் மறைவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தங்கமான மனுஷன், இப்படி ஒரு வாத்தியார் இனிமே வரப்போறதில்ல என்று வெளியே சொல்லச் சொல்ல உள்ளே இவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. அப்போது பழைய மாணவன் ஒருவன், எல்லாம் சரிதான், சாருக்குக் கணக்கு மட்டும் கொஞ்சம் வராது என்றான். அவ்வளவுதான், கதவை டமாரென்று திறந்துகொண்டு, எவம்லே அது, எனக்கா கணக்கு வராது என்று பாய்ந்தார். கூட்டம் தெருமுனை வரைக்கும் ஓடிற்று. சாத்தான்குளத்திலிருந்து மலர் வளையத்தோடு வந்த உன் தேவமணி அத்தை மட்டும் ஓடவில்லை. உயிரோட இருக்கிறவன் ஒரு போன் போட்டுச் சொல்ல மாட்டியா, வழியெல்லாம் அழுதுட்டே வாரேன் என்று அந்த வளையத்தாலேயே தம்பி முதுகில் ஒரு போடு போட்டார்கள். பிறகு உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதார்கள், நான் காப்பி போட்டேன்.

ஆனால் உன் அப்பா வந்தவர்களைச் சும்மா விடவில்லை. ஓடினவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எனக்காக அழுதியளே, ஒங்க பேரப் பிள்ளைய எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கு என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். அவர்கள் முழிக்க, மறுநாள் முத்துச்செல்வி டீச்சரையும் கூட்டிக்கொண்டு அத்தனை வீட்டுக்கும் போனார். இப்போது ஒன்றாம் வகுப்பில் பெஞ்சு நிறையப் பிள்ளைகள், பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்க்கிற பேச்சும் நின்றுவிட்டது. உன் அப்பா தினமும் காலையில் போய் அந்தப் படத்துக்குக் கீழேயே நின்று வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறார். நேற்று புதிதாய்ச் சேர்ந்த ஒரு குட்டி படத்தையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சார், செத்த பொறவும் எதுக்குப் பள்ளிக்கூடத்துக்கு வாரீய என்று கேட்டதாம். லீவு கேட்டேம்ளா, தரமாட்டேன்னுட்டாங்க என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மறக்காமல் வீடியோவில் வா, அப்பாவைப் பார்த்ததும் அழாதே, அவருக்கு அதுவே பெருமையாகிவிடும். ஜாஸ்லினுக்கு என் முத்தங்கள். கர்த்தர் உங்கள் மூவரையும் தம் சிறகுக்குள் வைத்துக் காப்பாராக.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
ஜெபசுதா கிருபாநிதி