சந்திராவை யாரும் கேட்கவில்லை

12-3-1980, புதன்

"எனக்குத்தான் ஒடம்பு சரியில்ல. எப்படி இருக்குதுன்னு எல்லாரும் அவரைப் போய்க் கேக்கறாங்களே, ஏன் டீச்சர்?"

போன வாரம் சந்திரா கேட்டது. தலையணையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். 

செங்கம் சாலையில் அவள் கணவர் தசரதன் கட்டிய ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில்தான் என் வீடு. நான் ஓய்வு பெற்ற நாள் முதல் பூ வாங்குவதும் மாவு அரைக்கப் போவதும் நாங்கள் சேர்ந்துதான். கட்சித் தலைவர் மனைவி என்ற மிடுக்கு அவளிடம் கிடையாது. ஆஸ்பத்திரி வாசல் வளைவில் பெரிய எழுத்தில் அவள் பெயர்: சந்திரம்மாள் இலவச மருத்துவமனை. உள்ளே ஒரு கட்டிலில் அவளே படுத்திருக்கிறாள்.

18-3-1980

டாக்டர் சக்கரவர்த்தி இன்று தசரதனையும் நகரச் செயலாளர் பரசுராமனையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அவர்கள் போன பிறகு வராந்தாவில் என்னிடமும் சொன்னார். கர்ப்பப்பையில் புற்று. இங்கே அதற்கு வைத்தியம் இல்லை. வேலூருக்குப் போய்க் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொள்ள வேண்டும். சீக்கிரம் போனால் பிழைக்க வழி உண்டு.

சந்திராவுக்குச் சொல்லியிருப்பது, வயிற்றுப் புண்.

"அம்மா பயந்துடுவாங்க, சொல்ல வேணாம்னு தலைவர் சொல்லிட்டார் டீச்சர்." சின்ன வயது டாக்டர். அவருக்கும் பயம், ஆனால் வேறு பயம்.

வகுப்பில் ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. பக்கத்து பெஞ்சுப் பிள்ளையை எழுப்பி, "இவனுக்கு எங்கே வலிக்குது?" என்று கேட்கிற வாத்தியாரை என்ன சொல்வோம்? செயலாளருக்குத் தெரியலாம். வயிற்றுக்குச் சொந்தக்காரிக்குத் தெரியக்கூடாதா?

25-3-1980

தசரதனிடம் நேரே கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் எரிகிறது.

"தேர்தல் வருது டீச்சரம்மா. பொண்டாட்டி பேர்ல ஆஸ்பத்திரி கட்டிட்டு, பொண்டாட்டியையே வேலூருக்கு அனுப்புனா எதிர்க்கட்சிக்காரன் சும்மா இருப்பானா? ஓட்டு முடியட்டும். மறுநாளே கார் போட்டுடறேன்."

பால் பொங்கி வரும்போது, அரிசி களைந்துவிட்டு வருகிறேன் என்று யாராவது சொல்வார்களா? கேட்டேன். சிரித்தார்.

நானே சந்திராவிடம் சொல்லிவிடுவது என்று போனேன். அறை முழுக்க மகளிர் அணி. ஆளுக்கொரு விபூதிப் பொட்டலம். திரும்பி வந்தேன்.

1-4-1980

நேற்று பௌர்ணமி. அண்ணி குணமாக வேண்டுமென்று கட்சிக்காரர்கள் அவள் படத்தை மாட்டுவண்டியில் வைத்து மலையைச் சுற்றினார்கள். அன்பு மிகுதியில் எவனோ படத்துக்கு ரோஜா மாலை போட்டுவிட்டான். மாலை போட்ட படத்தைப் பார்த்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? ஆசிரமத்துப் பக்கம் பெண்கள் கும்பலாக நின்று அழுதார்களாம். சேதி கீழ்பென்னாத்தூர் போய், அவள் அக்கா பச்சையம்மாள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு மார்பில் அடித்தபடி வந்து சேர்ந்தாள். சந்திரா கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, இப்பவே ஒத்திகை பாக்கறியா?"

பச்சையம்மாள் அழுதபடியே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலையைச் சுற்ற வண்டி கிடைக்கிறது. வேலூருக்குத்தான் கிடைக்கவில்லை.

17-4-1980

ரத்தப்போக்கு மறுபடி ஜாஸ்தி. தசரதன் செங்கத்தில் பிரசாரம். நானும் இன்னும் அவளிடம் சொல்லாமலே இருக்கிறேன்.

6-5-1980, செவ்வாய்

 இன்று நடந்ததை எழுதி வைக்க வேண்டும்.

சாயங்காலம் தேரடியில் தசரதன் கூட்டம். ஆஸ்பத்திரி வாசல் கம்பம் வரை ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தார்கள். நான் சாத்துக்குடி பிழிந்துகொண்டிருந்தேன். அவர் குரல் ஜன்னல் வழியாகக் கணீரென்று வந்தது: "என் மனைவி புற்றுநோயால சாகக் கிடக்கிறா. அவளை விட்டுட்டு உங்களுக்காக வந்து நிக்கிறேன்!"

கூட்டம் உச்சுக் கொட்டியது. பிறகு கைதட்டல். கைதட்டினார்கள் — இதற்கு!

சந்திரா வயிற்றின் மேல் கையை வைத்தாள். அழவில்லை.

"என்கிட்ட சொன்னா பயந்துடுவேன். ஊருக்குச் சொன்னா ஓட்டு விழும். அப்படித்தானே டீச்சர்?"

சாத்துக்குடிச் சாற்றை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"இதுக்கு வைத்தியம் எங்க இருக்குது?"

"வேலூர்ல."

"காலையில மொத பஸ் எப்போ?"

7-5-1980

சக்கரவர்த்தி நாங்கள் கேட்காமலே வேலூருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். நானும் பச்சையம்மாளும் சந்திராவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். வாசல் வளைவின் கீழே பரசுராமன் வழி மறித்தார். தலைவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்றார்.

"ஒடம்பு அவருதா பரசுராமா?" என்றாள் சந்திரா.

அவர் விலகி நின்றார்.

10-5-1980

வேலூர். டாக்டரம்மா ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நானும் பச்சையம்மாளும் வாயைத் திறந்தோம். கையமர்த்திவிட்டு, "நீங்களே சொல்லுங்கம்மா, என்ன கஷ்டம்?" என்று சந்திராவிடம் கேட்டார்.

அவள் பேசினாள். இத்தனை மாதம் என்னிடம்கூடச் சொல்லாததையெல்லாம் சொன்னாள். டாக்டரம்மாவும் மறைக்கவில்லை. நோய் பரவிவிட்டது. கரண்ட் வைத்தால் வலி குறையும், ஆயுசு நீளாது. இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் பேச்சே வேறு.

இரண்டு மாதம்! அந்த இரண்டு மாதமும் தசரதன் மைக் முன்னால் நின்றார்.

"பரவால்ல டீச்சர், என்கிட்டயே கேட்டாங்க பாருங்க" என்கிறாள் இவள். எனக்கு ஆறவில்லை.

2-6-1980

தசரதன் ஜெயித்துவிட்டார். கழுத்தில் மாலையோடு நேரே வார்டுக்குள் வந்தார்.

"மொதல்ல மாலையைக் கழட்டுங்க. எங்கக்கா பார்த்தா தலைய விரிச்சுக்குவா" என்றாள் சந்திரா.

கழற்றினார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

19-7-1980

சந்திரா போய்விட்டாள்.

3-8-1980, ஞாயிறு

இரங்கல் கூட்டம். அதே படம், அதே மாதிரி ரோஜா மாலை. இந்த முறை தப்பில்லை.

கூட்டம் முடிந்ததும் வழக்கம்போல எல்லாரும் தசரதனைத்தான் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு கிழவர் கேட்டார்: "கடைசியில ரொம்ப வேதனைப்பட்டாங்களா? ஏதாச்சும் சொன்னாங்களா தலைவரே?"

தசரதன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை.

நான்தான் சொன்னேன். வலி கம்மியாகத்தான் இருந்தது, ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னாள், அவ்வளவுதான் என்று. ஊர்க்காரர்களோடு ஊர்க்காரராக நின்று அவரும் கேட்டுக்கொண்டார்.

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும், ஒன்று மட்டும் செய்து பாருங்கள். அடுத்த முறை நோயாளியைப் பார்க்கப் போனால், பக்கத்தில் நிற்பவரைக் கேட்காதீர்கள். கட்டிலுக்கருகே உட்கார்ந்து, படுத்திருப்பவரையே கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும் வரை எழுந்திருக்காதீர்கள்.